கூடும் மிஸ்

எனக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையில் அது எழுத்துப் பிழையோடு இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு பதவிப் பெயரும் இருக்கிறது. அது முத்திரையில் அடங்காத நீளம் என்பதால் கடைசிச் சொல்லைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். ஆனால் நான் வேலை பார்க்கும் பக்கத்துக் கிராமங்களில் போய் இந்த இரண்டில் எதைச் சொல்லி விசாரித்தாலும் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அங்கே நான் ‘கூடும் மிஸ்’. கடைக்குப் போனால் முகத்துக்கு நேரே ‘மிஸ்’ என்பார்கள். நான் சாமானை வாங்கிக்கொண்டு திரும்பியதும் மிச்சத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பெயர் வந்த கதையைச் சொல்ல முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். காலையில் மாங்குளத்தில் பஸ் ஏறி, உள்ளே ஒரு அலுவலகத்துக்குப் போய், அங்கே அனர்த்தப் பிரிவு என்று அழைக்கப்படும் ஒரு மூலையில் உட்காருகிறேன். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பிறின்ரர், வெள்ளம் வந்தால் உதவும் என்று யாரோ தந்துவிட்டுப் போன, இன்றுவரை காற்றடிக்காத ஒரு றப்பர் படகு. இவ்வளவும்தான் பிரிவு. காற்றடிக்கும் பம்ப் வேறு ஒரு பிரிவுக்குப் போய்விட்டது. வானிலை எச்சரிக்கை கொழும்பிலிருந்து எங்களுக்கு வரும். அதை ஊருக்குச் சொல்ல வேண்டியது நான்.

அதில் வருகிற தமிழைப் பற்றி என்னால் பொறுமையாகப் பேச முடியாது. ‘சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். நூற்றைம்பது மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழைவீழ்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது. பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ யார் எதிர்பார்க்கிறார்? யார் கேட்டுக்கொள்கிறார்? தேடிப் பார்த்தால் அந்த வாக்கியங்களுக்குள் ஒரு மனிதர்கூட இல்லை. ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழும்பி, அவதானமாக இருப்பதென்றால் என்ன செய்வது, முழித்துக்கொண்டு இருப்பதா என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. குறித்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

மில்லிமீற்றர் இன்னொரு வில்லங்கம். ஒருநாள் ஒரு கமக்காரர் மகனுடைய அடிமட்டத்தைக் கொண்டுவந்து என் மேசையில் நிறுத்தி வைத்தார். நூற்றைம்பது மில்லிமீற்றர் வரும் இடத்தில் விரலை வைத்து, இதற்கா இவ்வளவு சத்தம் போடுகிறீர்கள், எங்கள் ஊரில் இது வாத்துக்கே காணாது என்றார். அது அவர் வளவில் நிற்கப்போகிற தண்ணீரின் அளவு இல்லை, காட்டிலும் மேட்டிலும் பெய்கிற அவ்வளவும் சேர்ந்து அவர் வளவைத் தேடி வரும் என்று விளங்கப்படுத்தினேன். நன்றாகத் தலையாட்டினார். போகும்போது அடிமட்டத்தை மறந்துவிட்டுப் போனார். அதை நான் இன்னும் பாவிக்கிறேன்.

பிறகு நிறங்கள் வந்தன. மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் ஓடு என்று அழகான வரைபடம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். எங்கள் பிறின்ரரில் கறுப்பு மை மட்டும்தான். பதினாலு கிராமத்துப் பொதுநோக்கு மண்டபச் சுவரிலும் நான் கொண்டுபோய் ஒட்டிய வரைபடத்தில் முழு வன்னியும் ஒரே சாம்பல் நிறம். எது ஆபத்து, எது கடல் என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

ஆனால் என்னை உண்மையில் அலைக்கழித்தது ‘கூடும்’ என்கிற அந்த ஒரு சொல்தான். எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் சொல்வதற்கு எங்களுக்குக் கிடைத்த வாகனம் பாண் ஓட்டோ. பின்னேரங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாணும் பணிசும் விற்கிற அதே ஓட்டோ. அதன் சாரதி நல்ல மனிதர், ஆனால் மெதுவாக ஓட்டத் தெரியாது. அவர் ஓடுகிற ஓட்டத்தில் ‘மழை பெய்யக்கூடும்’ என்பதில் நடுப்பகுதி காற்றோடு போய்விடும். வேலியோரம் நிற்பவர் காதில் விழுவது ‘மழை... கூடும்’. விலை கூடும், காய்ச்சல் கூடும் என்று சொல்கிற அதே கூடும். வெயில் சுட்டெரிக்கிற மத்தியானத்தில் இல்லாத மழை எப்படிக் கூடும் என்று சனம் சிரித்தது. காது கூர்மையானவர்களுக்கோ அது முழுதாகவே கேட்டது. பெய்யக்கூடும் என்றால் பெய்யாமலும் விடக்கூடும்தானே என்று அவர்கள் படுத்துவிட்டார்கள்.

அதனால் மூன்று நான்கு வருடத்துக்கு முன்னால், கடலில் ஒரு புயல் எழும்பி நேரே எங்கள் பக்கம் வருவதாக அறிவித்தல் வந்தபோது, நான் பேனையை எடுத்து எல்லாக் ‘கூடும்’களையும் வெட்டினேன். வீசக்கூடும் என்பதை வீசும் என்று ஆக்கினேன். பெய்யக்கூடும் என்பதைப் பெய்யும் என்று ஆக்கினேன். வாசித்துப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. இதுதான் தமிழ் என்று நினைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

சனம் எழும்பியது. பாடசாலை நிரம்பியது. அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பட்டிக்கார அக்கா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அந்தக் காலத்துக் கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்ட குடும்பம். தாயின் இடுப்பில் இருந்தபடி வன்னிக்கு வந்தவர். புருசன் செத்துப் பல வருடம். மகள் வவுனியாவில் கலியாணம் முடித்து இருக்கிறாள். அக்காவுக்கு இங்கே இருப்பது மாடுகள். இருபதுக்கு மேல். குளம் நிரம்பினால் மேலதிகத் தண்ணீர் வெளியே பாய்கிற இடத்தை எங்கள் பக்கத்தில் வான் என்போம். றோட்டில் ஆள் ஏற்றுகிற வானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வான் பாய்ந்தால் தண்ணீர் போகிற ஆற்றுவழியின் கரையில்தான் அக்காவின் குடிலும் பட்டியும். மற்றவர்கள் யாரும் கேட்காத இடம் என்பதால் அது அவருக்குக் கிடைத்தது.

வீட்டை விட்டு எழும்பு என்று நான் சொல்வது மற்றவர்களுக்கு ஒரு பையைத் தூக்குகிற வேலை. அக்காவுக்கு அது பட்டியைத் திறக்கிற வேலை. மழைக்காலம்தான் காலபோகம், பெரிய நெல் விதைப்புக் காலம். வயலெல்லாம் பயிர். அந்த நேரத்தில் மாடு வயலுக்குள் இறங்கக்கூடாது என்று விதைப்புக்கு முன் நடக்கிற போகக் கூட்டத்தில் கமக்காரர் கைதூக்கி முடிவெடுத்திருப்பார்கள். இறங்கினால் வயல்காரர் பிடித்துக் கட்டிவைப்பார், மாட்டுக்காரர் போய்க் கெஞ்ச வேண்டும், தண்டமும் கட்ட வேண்டும். திறந்து விட்டால் மாடு வயலுக்குள். திறக்காமல் வெள்ளம் வந்தால் மாடு பட்டிக் கட்டையோடு தண்ணீருக்குள். என் அறிவித்தலில் இருக்கிற ஒரு வினைச்சொல்லின் வால் பகுதியை வைத்துத்தான் அந்த மனிசி இதைத் தீர்மானிக்க வேண்டும்.

அந்தமுறை நான் ‘வரும்’ என்றேன். அக்கா பட்டியைத் திறந்துவிட்டுப் பாடசாலைக்கு வந்தார். புயல் கடலிலேயே ஒரு வளைவு எடுத்து வேறு பக்கம் போய்விட்டது. இரண்டு நாள் நல்ல வெயில். பாடசாலையில் முன்னூறு பேர் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு மேகம் வராதா என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். புயல் வரவேண்டும் என்று நேர்த்தி வைத்த முதல் அனர்த்த அலுவலர் நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் அக்காவின் மாடுகள் குடியேற்றத் திட்டத்து வயல்களுக்குள் இறங்கிவிட்டன. அந்த வயல்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பன் காலத்தில் வந்து காணி பெற்றவர்கள். பயிர் விஷயத்தில் சொந்தத் தம்பியைக்கூட மன்னிக்க மாட்டார்கள். மாடுகளை ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு வீட்டுப் படலையாகப் போய் நின்றார். மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு கன்றுகள் வரவேயில்லை. அவை எந்தச் சட்டிக்குள் போயின என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

“வரும்னு சொன்னீங்க, வரல. சரி, புயலு உங்க பேச்சக் கேக்காது. அது எனக்குத் தெரியும் மிஸ். ஆனா தெரியாததத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னீங்க பாருங்க, அதுதான். இனிமே நீங்க சொல்லி நான் பட்டி தொறக்க மாட்டேன்.”

திட்டியிருந்தால் நானும் இரண்டு சொல் சொல்லியிருப்பேன். திட்டவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது, அதுவரை ஒன்றும் நடக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற மனிதர். நான் வெட்டிய அறிவித்தலையும் கொழும்பிலிருந்து வந்த மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“பிள்ளை, கூடும் எண்டு இருந்தால் கூடும் எண்டே விடுங்கோ. வந்தால், நாங்கள் சொன்னனாங்கள். வராட்டி, நாங்கள் சொல்லேல்லை. விளங்கிச்சோ?”

விளங்கியது. அந்தச் சொல் எதற்கு அங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காக விளங்கியது. அது மழையைப் பற்றிய சொல்லே இல்லை. எங்களைப் பற்றிய சொல். மழை நனைக்காமல் நாங்கள் பிடித்திருக்கிற குடை.

எனக்கும் பயம் பிடித்திருந்தது, அதனால் அந்தக் குடைக்குள் நன்றாக ஒதுங்கிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் கூடும் போட்டேன். காற்று வீசக்கூடும், வீசாமலும் இருக்கக்கூடும். குளம் வான் பாயக்கூடும். நிவாரணப் பொதி வரக்கூடும். கூட்டம் மூன்று மணிக்கு ஆரம்பிக்கக்கூடும். ஒருமுறை ஒரு கிராமத்துக் கூட்டத்தில், மிஸ் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டதற்கு, என்னை அறியாமலே ‘குடிக்கக்கூடும்’ என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அடுத்த கிராமத்துக்கும் கேட்டிருக்கும். பெயர் அன்றைக்கு விழுந்தது. என் வீட்டுக்காரருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொள்வார்.

பிறகு அந்த மழை வந்தது.

அது புயல்கூட இல்லை. பெயர் வைக்கிற தகுதிகூட இல்லாத ஒரு தாழமுக்கம். வந்து எங்களுக்கு மேலே குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்று நின்றது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணியளவில் குளத்துக்குப் பொறுப்பான நீர்ப்பாசன உத்தியோகத்தர் போன் எடுத்தார். குளம் விளிம்புக்கு வந்துவிட்டது, பின்னேரத்துக்குள் வான் கதவுகளை முழுதாகத் திறக்க வேண்டி வரலாம் என்றார். வரலாமா, வருமா என்று கேட்டேன். மேலே காட்டுக்குள் பெய்கிற மழை நின்றால் வராது, நிற்காவிட்டால் வரும், அதை அவர் எப்படிச் சொல்வது என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

நான் வெளியே ஓடிப்போய்ப் பாண் ஓட்டோவில் ஏறினேன். இந்தமுறை ஒரு கெட்டித்தனம் செய்தேன். அறிவித்தலைச் சொல்லிக்கொண்டு ஓட வேண்டாம், பாண் பாட்டைப் போடுங்கள் என்று சாரதியிடம் சொன்னேன். முந்தி ஒருமுறை அவர் பாட்டை நிறுத்த மறந்து, எச்சரிக்கை பாட்டோடு போனது; அன்றைக்குத்தான் வீட்டுக்கு வீடு ஆள் வெளியே வந்தது. அது நினைவில் இருந்தது. அந்த மழையிலும் வந்தார்கள். குடைக்குள், பொலித்தீனுக்குள், கையில் காசோடு. பணிஸ் இல்லை, வெள்ளம்தான் இருக்கிறது என்று சொன்னேன். உத்தியோகத்தர் சொன்னதை அப்படியே சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள், பணிஸ் இல்லாததற்கு. ஆனால் ஓட்டோ நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னதாலோ என்னவோ, மத்தியானத்துக்குள் தாழ்வான பக்கத்துச் சனம் பெரும்பாலும் பாடசாலைக்கு ஏறிவிட்டது.

ஏறாதவர் பட்டிக்கார அக்கா. அவரை யாரும் பார்க்கவில்லை என்றார்கள்.

ஓட்டோ குளக்கட்டுவரை போனது. அதற்கப்பால் நடை. சாரதி ஓட்டோவைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, நீங்கள் போய் வாருங்கோ, நான் இஞ்சின் நிற்பாட்டாமல் இருக்கிறேன் என்றார். குளக்கட்டில் நடக்கும்போது ஒரு பக்கம் பார்த்தேன். தண்ணீர் கட்டின் மேல்விளிம்புக்கு ஒரு முழம் கீழே, காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது. மற்றப் பக்கம் பார்த்தேன். தென்னைமர உயரம் கீழே, ஆற்றுவழிக் கரையில், அக்காவின் குடிலில் புகை போய்க்கொண்டிருந்தது. மனிசி சமைக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

இறங்கிப் போனேன். பட்டி அடைத்திருந்தது. மாடுகள் சேற்றுக்குள் நெருங்கி நின்றன. கன்றுகளைத் தனியாக, ஓலைச் சாய்ப்புப் போட்ட ஒரு பத்திக்குள் கட்டியிருந்தார்; கன்று கட்டியிருக்கும்வரை தாய் மாடு அசையாது, அதற்காகத்தான் கட்டுவது. அக்கா என்னைக் கண்டதும் வாங்க என்றார். சாக்கை உதறிப் போட்டு இருக்கச் சொன்னார். பிறகு மெல்லிய சிரிப்போடு, கூடும்னு சொல்லத்தானே வந்தீங்க என்றார். பெயர் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் இருக்கவில்லை. உத்தியோகத்தர் சொன்னது, தண்ணீர் நிற்கும் உயரம், மற்றவர்கள் ஏறியது எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அடுப்பில் விறகைத் தள்ளினார்.

“வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க.”

வரும் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் எழும்பக்கூட மாட்டார் என்றும் தெரிந்தது. கூடும் என்று சொன்னால் அடுப்பில் கொதிக்கிற கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை தந்து அனுப்பிவிடுவார்.

“தெரியாதக்கா” என்றேன். “கதவு திறக்கிறவருக்கே தெரியாது. வந்தாலும் வரும், வராமலும் விடும்.”

பதினெட்டு வருட அரசாங்க சேவையில் தெரியாது என்கிற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை, மழை மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது. அக்கா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒங்க மாடா இருந்தா என்ன செய்வீங்க?”

எனக்கு மாடு கிடையாது. மாடென்றாலே பயம், பஸ்சுக்கு நிற்கும் இடத்தில் ஒரு நாம்பன் மாடு வந்தால் நான் கடைக்குள் ஏறிவிடுகிறவள். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் தெரிந்தது. எத்தனை பயிற்சிக்குப் போனேன், எத்தனை படம் போட்டுக் காட்டினார்கள், இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

“என்ர மாடெண்டால் இப்பவே அவிட்டு விடுவன்.”

“வயலுக்குள்ள எறங்கினா?”

“என்னைப் பிடிச்சுக் கட்டட்டும்.”

அதற்கு அவர் சிரிக்கவில்லை. எழுதித் தாருங்கள் என்றார்.

கைப்பைக்குள் இருந்தது அந்தச் சாம்பல் நிற வரைபடங்களில் ஒன்றுதான். அதன் பின்பக்கத்தில், அவருடைய அடுப்படித் தகரத்துக்குக் கீழே, கதவு நிலையோடு குந்தியிருந்து எழுதினேன். பழக்கத்தில் பேனை ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று தொடங்கப் பார்த்தது. வெட்டினேன். ‘இந்த மாடுகளை அவிழ்த்துவிடச் சொன்னது நான். வயலுக்குள் இறங்கினால் என்னிடம் வாருங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை இல்லை. அவர் அதை வாங்கி, வாசித்து, ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கஞ்சிப் பானையை இறக்கிவிட்டுப் பத்திக்குப் போய்க் கன்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

கன்று நகர்ந்ததும் தாய் நகர்ந்தது. தாய் நகர்ந்ததும் பட்டி முழுவதும் நகர்ந்தது. அக்கா முன்னால் கூப்பிட்டுக்கொண்டு போக, நான் கடைசி மாட்டுக்குப் பின்னால், அதன் வாலுக்கு எட்டாத தூரத்தில், குளக்கட்டில் ஏறினேன். நான் வெட்கப்படாமல் சொல்கிறேன், அப்போது எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. என் உத்தியோகத்தில் ஒழுங்காகச் சொன்ன முதல் எச்சரிக்கை இதுதான் என்று நினைத்தேன். அடுத்த பயிற்சியில் எழும்பி நின்று இதைச் சொல்ல வேண்டும் என்றுகூட வசனம் சேர்த்துப் பார்த்தேன். மழையில் நனைந்தபடி எனக்குள்ளே கைதட்டு விழுந்துகொண்டிருந்தது.

மாடுகள் மேட்டு வயலில்தான் இறங்கின. வேறு வழி இல்லை. வயல்காரர் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டு ஓடி வந்தார். அக்கா இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர் வாசித்தார். திருப்பிப் பார்த்தார், வரைபடம். என்னைப் பார்த்தார். இது என்ன மிஸ், கூடும் இல்லாமல் எழுதியிருக்கிறீங்கள் என்றார். அதற்கு நான் ஏதோ சொல்ல வாயெடுக்கவும் குளத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. எல்லாக் கதவையும் ஒன்றாகத் திறந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். வயல்காரர் கடிதத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டு, மாட்டைப் பார்க்காமல் தன் வீட்டுப் பக்கம் ஓடினார்.

மழை விட்டு, தண்ணீர் வடிந்து, அந்தப் பக்கம் போகக்கூடியதாக ஆனது மூன்றாம் நாள். நான் போனேன். எதற்குப் போனேன் என்றும் சொல்லிவிடுகிறேன்: நன்றி கேட்கப் போனேன். அப்படி நேரே கேட்க மாட்டேன்தான். அவர் முன்னால் போய் நின்றால் அவராகச் சொல்வார் என்று நினைத்தேன். மாடுகள் எல்லாம் மேட்டில் நின்றன. ஒன்று குறையவில்லை, கன்றும் குறையவில்லை. எண்ணிப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

பட்டி இருந்த இடத்தில் நாலு கட்டையின் தலை தெரிந்தது. குடில் இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா அந்தச் சேற்றுக்குள் குந்தியிருந்து ஒரு தடியால் கிளறிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். கதவு நிலைக்கு மேலே ஒரு பிஸ்கற் ரின் வைத்திருந்தாராம். அதற்குள் காணி பெர்மிட். இடுப்பிலிருந்த குழந்தையாக வந்த இடத்தில், கிழவியாகும் வயதில், போன வருடம்தான் எங்கள் அலுவலகத்திலிருந்தே அவருக்கு அது கிடைத்தது. பெயர் போட்ட ஒரு துண்டு நிலம். அதோடு புருசனின் மரணப் பத்திரம், மகளின் பிறப்புப் பத்திரம். அவரிடம் இருந்த எழுத்து எல்லாமே அதற்குள்.

ஒரு நிமிடத்து வேலை. நிலைக்குக் கை எட்டுகிற தூரம். கஞ்சிப் பானையை இறக்கி வைக்க நேரம் இருந்தது, நான் கடிதம் எழுத நேரம் இருந்தது. நான் அந்த நிலைக்குக் கீழேதான் குந்தியிருந்தேன்.

“ஏனக்கா எடுக்கேல்லை?” என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது உறைத்தது.

அக்கா தடியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. நான் எழுதித் தந்த கடிதம் இன்னும் அந்தப் பொலித்தீனுக்குள், இடுப்பில், நனையாமல் இருந்தது.

“நீங்க மாட்ட மட்டுந்தானே சொன்னீங்க மிஸ்.”

அவர் சொன்னது சரி. முதல்முறையாக அவர் என்னை முழுதாக நம்பினார், நான் சொன்னதை அப்படியே செய்தார். நான் மாட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன்.